ஓடி முடிந்த கல்குவாரியை லேண்ட்ஃபில் ஆக்குவது: செங்குத்துச் சுவரில் லைனர் எப்படி? ஊற்றுத் தண்ணீரை என்ன செய்வது?

எலஹங்கா சிவில் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வடக்கு பெங்களூரு பக்கம் ஓடி முடிந்த ஒரு ஜல்லிக் குவாரி. அதை நகராட்சிக் குப்பைக்கான சானிட்டரி லேண்ட்ஃபில்லாக மாற்ற டிபிஆர் (விரிவான திட்ட அறிக்கை) தயாராகிறது. மேல்மட்டத்தில் 130 × 180 மீ., தரையில் 100 × 150 மீ., ஆழம் 28 மீ. மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, சுவரின் நடுவில் படி மாதிரி இரண்டு பெஞ்ச். தெற்குப் பக்கம் மட்டும் பழைய லாரிப் பாதை சரிவாக இறங்குகிறது. உள்ளே இப்போது 9 மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது.

கொள்ளளவு 5.3 லட்சம் கன மீட்டர் என்று போட்டிருக்கிறோம். கன மீட்டருக்கு 0.9 டன், நாளுக்கு 300 டன் என்றால் நாலு வருஷத்துக்கு மேல் வருகிறது. இந்தக் கணக்கு தேறுமா?

லைனர், அதாவது கசிவைத் தடுக்கிற அடுக்கு, 90 செ.மீ. களிமண், அதற்கு மேல் 1.5 மி.மீ. எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) ஷீட் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளில் இருக்கிறது. தரைக்குச் சரி. 80 டிகிரியில் நிற்கிற பாறையில் 90 செ.மீ. களிமண்ணை எப்படி நிறுத்துவது? தண்ணீரை பம்ப் வைத்து இறைத்துவிட்டால் போதும் என்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பாறையும் மண்ணும் பதில்:

சார், தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கணும். கொள்ளளவும் லைனரும் அதற்கு அப்புறம்தான் முடிவாகும்.

2016 விதி என்ன சொல்கிறது? களிமண் அடுக்கின் அடிமட்டத்துக்கும், நிலத்தடி நீர் ஏறக்கூடிய மிக உயர்ந்த மட்டத்துக்கும் குறைந்தது 2 மீ. இடைவெளி. அதனால் உள்ளே நிற்கிற 9 மீ. தண்ணீர் மழையில் தேங்கினதா, பாறை இடுக்கில் ஊறினதா என்பது முதலில் தெரியணும். நம்ம ஊர் நைஸ் (gneiss) எனும் கெட்டிப் பாறையில் இது குழப்பமான விஷயம். பக்கத்துத் தோட்டத்து போர்வெல் 300 மீட்டரில் ஓடும், அதே இடத்தில் மேல்பக்கத்துச் சிதைந்த பாறையில் 10 மீட்டரிலேயே ஈரம் கசியும். போர்வெல் ஆழத்தைக் காட்டி "நீர்மட்டம் ரொம்பக் கீழே" என்று ரிப்போர்ட் எழுதினால் அது செல்லாது.

சோதனை எளிது. பிப்ரவரி, மார்ச்சில் முழுசா இறைத்துவிட்டு தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளவுகோலைப் படிங்க. தரை ஒன்றரை ஹெக்டேர். தண்ணீர் நாளுக்கு 1 செ.மீ. ஏறினால் 150 கன மீட்டர் உள்ளே வருகிறது. வெயில் காலத்தில் தினம் 5, 6 மி.மீ. ஆவியாகிப் போகும், அதையும் கூட்டிக்கணும். அதாவது மட்டம் ஏறாமல் அப்படியே நின்றாலும் ஊற்று இருக்கிறது என்று அர்த்தம். நிறைய பேர் இங்கேதான் ஏமாறுவார்கள். கூடவே சுற்றி நாலைந்து பீசோமீட்டர் (நிலத்தடி நீர்மட்டம் அளக்கும் குழாய்). சிதைந்த பாறைக்கு ஒன்று, கெட்டிப் பாறைக்கு ஒன்று என ஜோடியாகப் போடணும். ஒரே துளையில் இரண்டையும் சேர்த்து அளந்தால் எந்த மட்டமும் உண்மையாக வராது. செப்டம்பர், அக்டோபர் மழை முடிந்த பிறகு வருகிற மட்டத்தைத்தான் டிசைனுக்கு எடுக்கணும்.

சரி, மிக உயர்ந்த மட்டம் குவாரித் தரைக்கு மேல் 6 மீ. என்று வந்தது என வைத்துக்கொள்வோம். அப்போது களிமண் 8 மீட்டரில்தான் ஆரம்பிக்கும். கீழே 8 மீ. நிரப்பணும். அதிலேயே 1.3 லட்சம் கன மீட்டர் போச்சு. மிச்சம் 4 லட்சம். சுவருக்கு முட்டுக்கொடுக்கிற மண், அடித்தளக் களிமண், வடிகால் ஜல்லி எல்லாம் கழிந்தால் மூன்றரை லட்சம். தினசரி மூடுமண், மழைக்கு முந்தின இடைமூடல் எல்லாம் 10 முதல் 15 சதவீதம் தின்னும். கடைசியில் குப்பைக்குக் கிடைப்பது சுமார் 3 லட்சம் கன மீட்டர், 2.7 லட்சம் டன். நாளுக்கு 300 டன் என்றால் உங்க நாலு வருஷம் இரண்டரை வருஷமாகிவிடும். விதியோ இடம் 20 முதல் 25 வருஷம் தாங்கணும் என்கிறது.

நிரப்புகிற 8 மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. லாரியிலிருந்து கொட்டிவிட்டு புல்டோசரால் தள்ளி மட்டம் பண்ணுவதே வழக்கமாக நடக்கிறது. அப்படித் தளர்வாக விட்டால் பிறகு 20, 30 செ.மீ. இறங்குவது சாதாரணம். நடுவில் இறங்கும், சுவரோரம் பாறை விளிம்பில் இறங்காது. லைனர் சரியாக அந்த மூலையில்தான் கிழியும். அடி 2, 3 மீட்டருக்குத் தூசியில்லாத பெரிய கல், அதன் மேல் ஜியோடெக்ஸ்டைல் (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கிற செயற்கைத் துணி), அதற்கு மேல் கிரஷர் டஸ்ட்டும் முரமும் (சரளை மண்) 30 செ.மீ. அடுக்குகளாக, 10 டன் வைப்ரேட்டரி ரோலரில் உருட்டி ஏற்றுங்க. அடியில் இருக்கிற கல் அடுக்கே தண்ணீர் வடிகிற வழியாகவும் ஆகும். ஒரு மூலையில் தனிக் கிணறு வைத்து அதிலிருந்து இறைக்கலாம். லீச்சேட் (குப்பையில் ஊறி வடிகிற அழுக்குநீர்) கிணறோடு இதை ஒருபோதும் சேர்க்காதீங்க.

அதற்கும் முன்னால் தரையில் வெடிக்காமல் தங்கிப்போன துளைகள் இருக்கிறதா என்று லைசென்ஸ் உள்ள பிளாஸ்டரை (வெடி வைப்பவரை) வைத்துப் பார்க்கச் சொல்லுங்க. பிரேக்கர் உளி அதில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெடியில் தளர்ந்த மேல்பாறை ஒரு மீட்டர் வரைக்கும் இருக்கும். அதைச் சுரண்டி எடுத்து, திறந்த பிளவுகளைக் காங்கிரீட் போட்டு அடைத்துவிட்டுத்தான் மேலே போகணும்.

---

வெல்டு கங்காணி பதில்:

மேலே சொன்னது எல்லாம் சரி. நான் சுவரைப் பற்றி மட்டும் சொல்றேன்.

பாறை மேல நேரா ஷீட் தொங்கவிடலாம்னு யாராவது சொன்னா அந்த டிராயிங்கைத் திருப்பி அனுப்பிடுங்க. வெடிச்ச பாறை முகம் ரம்பப் பல் மாதிரி இருக்கும். ஷீட்டுக்கு அழுத்தம் வந்ததும் ஒவ்வொரு முனையும் ஒரு ஓட்டை. ஷாட்கிரீட் (பீச்சி அடிக்கிற காங்கிரீட்) அடிச்சு மட்டம் பண்ணி, தண்ணி வடியறதுக்கு ஜியோகாம்போசிட் பாய் ஒட்டி, அதுக்கு மேல ஷீட் போடுறது ஒரு முறை. செலவு ஜாஸ்தி, களிமண் அடுக்கும் வராது. அதிகாரி "90 செ.மீ. எங்கே?"னு கேட்டா பதில் சொல்லியாகணும்.

சரிவை 1:2-க்குக் கொண்டுவந்து முழுக்க மண் போடலாமேன்னு தோணும். கணக்குப் போட்டுப் பாருங்க. 20 மீட்டர் உயரத்துக்கு நாலு பக்கமும் 40 மீட்டர் உள்ளே வரும். 130 × 180 இருந்த குழி அடியில 50 × 100 ஆகிடும். 4 லட்சம் கன மீட்டர்ல 2.6 லட்சம்தான் மிஞ்சும்.

நடைமுறையில ஓடுற வழி, சுவரையும் குப்பையையும் சேர்த்தே ஏத்துறது. பாறையை ஒட்டி 3 மீட்டர் அகலத்துக்கு மண் சுவர். பாறைப் பக்கம் 2 மீட்டர் முரம், குப்பைப் பக்கம் 1 மீட்டர் களிமண். ரெண்டையும் ஒரே மட்டத்துல ஏத்தணும். 3 மீட்டர் எதுக்குன்னா ரோலர் டிரம்மே 2 மீட்டருக்கு மேல அகலம், அதுக்குக் குறைஞ்சா மெஷின் போகாது. சுத்தளவு 600 மீட்டர், 20 மீட்டர் உயரம்னா 36,000 கன மீட்டர் மண். சரிவு முறையோட ஒப்பிட்டா இது ஒண்ணுமே இல்லை.

இதுல ஒரு சிக்கல் உண்டு. அந்த மண் சுவருக்கு முட்டு குப்பைதான். குப்பை அமுங்கும், பக்கவாட்டுலயும் நெகிழும். மண் சுவரை 6 மீட்டர், 7 மீட்டர் ஒரே மூச்சுல தூக்கிட்டு "குப்பை அப்புறம் வரும்"னு விட்டா, சுவர் உள்பக்கம் சாஞ்சு களிமண்ணுல வெட்டு விழும். வெளியில இருந்து பார்த்தா தெரியாது. ஒரு லிஃப்ட், அதாவது ஒரு தடவை ஏத்துற உயரம், 2 மீட்டர், அதிகபட்சம் 3. அந்த உயரத்துக்குக் குப்பை வந்து கெட்டிப்பட்ட பிறகுதான் அடுத்தது. சுவரை ஒட்டின 3 மீட்டர் பட்டையில கம்பி, கட்டை, பழைய மெத்தை எதுவும் போடாம சலிச்ச மெல்லிய குப்பை மட்டும் போட்டு நல்லா அமுக்கணும்.

அடுத்தது இழுவை. குப்பை வருஷக்கணக்கா இறங்கிக்கிட்டே இருக்கும். இறங்கும்போது ஷீட்டையும் பிடிச்சுக் கீழ இழுக்கும். அதனால சுவர்ல ரெண்டு பக்கமும் சொரசொரப்பான ஷீட் வேண்டாம். களிமண் பக்கம் சொரசொரப்பு, குப்பைப் பக்கம் வழவழப்பு. அதுக்கு மேல ஜியோடெக்ஸ்டைல், அதுக்கும் மேல மெல்லிசா ஒரு தியாக ஷீட். இழுவை வந்தா அது போகட்டும், அசல் ஷீட் நிக்கணும். ஒவ்வொரு பெஞ்சிலயும் ஆங்கர் டிரெஞ்ச் (ஷீட்டைப் புதைச்சுப் பிடிக்கிற பள்ளம்) வெட்டிப் பூட்டணும். 20 மீட்டர் நீளத்தை மேல ஒரே இடத்துல மட்டும் பூட்டித் தொங்க விட்டா வெல்டு பிச்சுக்கும்.

வெல்டைப் பத்தி: டபுள் வெட்ஜ்ல (ரெண்டு இணைகோடா ஒட்டுற மெஷின்) போட்டு நடுவுல இருக்கிற காற்றுக் குழாயில 200 கிலோபாஸ்கல் ஏத்துங்க. 5 நிமிஷத்துல 20-க்கு மேல இறங்கினா ஃபெயில். எக்ஸ்ட்ரூஷன் வெல்டுக்கு (உருக்கின பிளாஸ்டிக்கை மேல பூசி ஒட்டுறது) வேக்யூம் பாக்ஸ் வச்சு சோதனை. 150 மீட்டர் சீமுக்கு (ஒட்டின கோட்டுக்கு) ஒரு துண்டு வெட்டி உரிச்சுப் பார்க்கணும். மத்தியானம் 12-லிருந்து 3 வரைக்கும் விரிக்கவே வேண்டாம். கறுப்பு ஷீட், வெயில்ல கையே வைக்க முடியாது. ராத்திரிக்கும் பகலுக்கும் 40 டிகிரி வித்தியாசம் வந்தா 100 மீட்டர் பேனல் அரை மீட்டருக்கு மேல நீளும், சுருங்கும். அலை அலையா இருக்கும்போதே மேல ஜல்லி கொட்டினா மடிப்பு நிரந்தரமாகிடும், அந்த மடிப்புலதான் பின்னாடி வெடிப்பு வரும்.

நிறைய ஓட்டை வெல்டுல வர்றதில்லை, மேல ஜல்லி பரப்பும்போது ஜேசிபி பக்கெட்ல வருது. அதனால ஜல்லி பரப்பின பிறகு மின்சார லீக் சோதனை கட்டாயம்னு டெண்டர்லயே எழுதிடுங்க. எழுதலைன்னா யாரும் பண்ண மாட்டாங்க. ஆத்துக் கூழாங்கல் நமக்குக் கிடைக்காது, கிரஷர் ஜல்லிதான், அதுக்கு முனை கூர்மை. சதுர மீட்டருக்கு 400 கிராம் ஜியோடெக்ஸ்டைல்னு பழைய டிராயிங்குல இருந்து காப்பி பண்ணாதீங்க. 20 மீட்டர் குப்பை மேல உட்காரப் போகுது. 800 கிராமுக்குக் குறையாம கேளுங்க.

---

மஞ்சள் டப்பா பதில்:

நான் வேறு பக்கத்திலிருந்து கேட்கிறேன். இந்தக் குவாரிக்குள் நாளுக்கு 300 டன் எதற்குப் போகணும்?

2016 விதிப்படி லேண்ட்ஃபில்லுக்குப் போகவேண்டியது மறுபயன்பாட்டுக்கும், உரத்துக்கும், எரிக்கவும் ஆகாத மந்தக் கழிவும், ஆலைகளில் கழிந்து வரும் ரிஜெக்ட்டும் மட்டுமே. கலந்த குப்பையை அப்படியே கொட்டுகிற இடம் என்று டிபிஆரில் எழுதினாலே அது குப்பைமேடு, லேண்ட்ஃபில் இல்லை. மண்டூர், மாவள்ளிபுரா குப்பைக்கிடங்குகள் இரண்டும் மக்கள் எதிர்ப்பில் எப்படி மூடப்பட்டன என்று இந்த ஊரில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. பொதுமக்கள் கருத்துக் கேட்பில் முதல் கேள்வியே அதுதான் வரும்.

மேலே சொன்ன 2.7 லட்சம் டன் கொள்ளளவையே எடுங்க. ரிஜெக்ட் மட்டும் நாளுக்கு 40 டன் என்றால் 18 வருஷத்துக்கு மேல் ஓடும். விதி கேட்கிற 20 வருஷத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. லைனர், பம்ப், கேஸ் எல்லாவற்றின் சுமையும் குறையும், ஏனென்றால் ஈரக்குப்பை இல்லாத இடத்தில் லீச்சேட்டின் வீரியமும் மீத்தேனும் குறைவு. டிபிஆரில் முதலில் மாற்றவேண்டிய எண் அந்த 300.

இன்னொரு விஷயம், விமானம். அதே விதிப்படி லேண்ட்ஃபில் விமான நிலையத்திலிருந்து 20 கி.மீ. தள்ளி இருக்கணும், 10 முதல் 20-க்குள் என்றால் தடையில்லாச் சான்று வேணும். வடக்கு பெங்களூருவில் தேவனஹள்ளி விமான நிலையம், எலஹங்கா விமானப்படைத் தளம், ஜக்கூர் மூன்றும் இருக்கின்றன. வரைபடத்தில் வட்டம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றச் செலவு. விமானத்தில் மோதக்கூடிய பருந்து வருகிறதா இல்லையா என்பதும் ஈரக்குப்பையைப் பொறுத்ததுதான்.

---

எலஹங்கா சிவில் எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. வட்டம் போட்டுப் பார்த்தேன், சான்று வாங்கித்தான் ஆகணும். 300 என்பது மேலே இருந்து வந்த எண். ரிஜெக்ட் மட்டும் என்று ஒரு மாற்றுத் திட்டமும் சேர்த்துவைக்கிறேன்.

இரண்டு சந்தேகம். களிமண் எங்கே கிடைக்கும்? தூர்வாருகிற ஏரிகளின் வண்டலை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆபீசில் ஒரு யோசனை. இன்னொன்று, லீச்சேட் கிணறு. நடுவில் ஒரு ஆர்சிசி ரிங் கிணறாக வைத்து, குப்பை ஏற ஏற ரிங்கை அடுக்கிக்கொண்டே போகலாம் என்று டிராயிங்கில் இருக்கிறது.

---

பாறையும் மண்ணும் பதில்:

ஏரி வண்டல் சும்மா கிடைக்கும் என்பதால் எல்லாருக்கும் அதில் ஒரு கண். ஆனால் பெங்களூரு ஏரிகளில் பாதிக்கு மேல் சாக்கடை கலந்த ஏரி. வண்டலில் மக்குகிற கரிமப்பொருள் அதிகம், பிளாஸ்டிக் துண்டு அதிகம், காய்ந்தால் விரல் நுழைகிற அளவுக்குப் பிளந்துவிடும். ஆய்வகத்தில் கசிவுத்திறன் 10⁻⁷ செ.மீ./நொடி வரும், களத்தில் ஒரு வாரம் வெயிலில் கிடந்தால் நூறு மடங்கு கசியும். மழைநீர் மட்டும் வருகிற ஏரி ஒன்று கிடைத்து, சோதனையும் தேறினால் எடுங்க. இல்லாவிட்டால் செம்மண்ணோ கிரஷர் டஸ்ட்டோ எடுத்து பெண்டோனைட் (ஈரத்தில் உப்பி அடைக்கிற களிமண் பொடி) கலப்பதுதான் நம்பகம்.

அளவு சொல்கிறேன். அடித்தளம் மட்டும் 1.7 ஹெக்டேர், 90 செ.மீ. என்றால் 15,300 கன மீட்டர், உலர் எடை சுமார் 26,000 டன். 6 சதவீதம் கலந்தால் 1,560 டன் பெண்டோனைட். குஜராத் கட்ச் பக்கத்திலிருந்து வரணும். 30 டன் லாரி 52 லோடு. சுவருக்கு உள்ள 1 மீ. களிமண்ணுக்கு இன்னும் 12,000 கன மீட்டர். வேலைத் திட்டத்தில் இதற்கு நேரம் ஒதுக்கவில்லையென்றால் மழைக்கு முன்னால் முடியாது.

கலவையை மண்வெட்டியால் கிளறிப் பார்த்துவிட்டு "கலந்துவிட்டது" என்று விடுவார்கள். பக்மில் (மண் கலக்கும் மெஷின்) வேணும். உகந்த ஈரத்தைவிட (மண் நன்றாக இறுகுகிற ஈரம்) 2 முதல் 4 சதவீதம் கூடுதல் ஈரத்தில், 15 செ.மீ. அடுக்காக ஆறு அடுக்கு, ஷீப்ஸ்ஃபூட் (குமிழ் வைத்த) ரோலர். ஒரு அடுக்கின் முகத்தைக் கீறிவிட்டுத்தான் அடுத்தது, இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் படுத்தபடி ஓடும். முதலில் 15 × 30 மீட்டரில் ஒரு சோதனைத் தளம் போட்டு, களத்திலேயே கசிவுத்திறன் அளந்து, அங்கே எத்தனை முறை உருட்டினால் தேறியதோ அதையே எல்லா இடத்துக்கும் வைக்கணும். முடிந்த பகுதியை அன்றன்றே ஷீட் போட்டு மூடுங்க. மார்ச் வெயில் ஒரு மத்தியானத்தில் வேலையைக் கெடுத்துவிடும்.

ஜிசிஎல் (இரண்டு துணிக்கு நடுவில் பெண்டோனைட் வைத்த பாய்) போட்டுக் களிமண்ணைக் குறைக்கலாமா என்று அடுத்து கேட்பீங்க. பெஞ்ச் மேலும், மூலைகளிலும், குழாய் வளைகிற இடத்திலும் கூடுதல் காப்பாகப் போடுங்க. 90 செ.மீ.-க்கு மாற்று என்று காட்டணும் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்க.

தண்ணீர் அழுத்தத்தையும் மறக்காதீங்க. அடியில் 2 மீ. இடைவெளி விட்டாலும், மேல்பக்கத்துச் சிதைந்த பாறையிலிருந்து மழைக்காலத்தில் சுவர் வழியாக நீர் இறங்கும். அது முரத்துக்குள் வந்து தேங்கிக் களிமண்ணுக்கு அடியில் 4 மீ. உயரம் ஏறினால் மேல்நோக்கி 40 கிலோபாஸ்கல். களிமண்ணும் ஜல்லியும் சேர்ந்து கொடுக்கிற எடை 21 கிலோபாஸ்கல்தான். 1.2 பாதுகாப்புக் காரணி வைத்தால் 48 வேணும்; மிச்சம் 27-க்கு 3 மீட்டர் குப்பை மேலே உட்கார்ந்திருக்கணும். அந்த 3 மீட்டர் வருகிற வரைக்கும் அடிக்கல் அடுக்கின் மூலையில் வைத்த அந்தத் தனிக் கிணற்றின் (அடிக்கிணறு) பம்ப்பை நிறுத்தவே கூடாது. பாறைக்கும் முரத்துக்கும் நடுவில் 5 மீட்டருக்கு ஒரு வடிகால் பட்டை செங்குத்தாக இறக்கி அடிக்கல் அடுக்கில் சேர்த்துவிடுங்க. அந்தக் கிணற்றுத் தண்ணீரின் மின்கடத்துத்திறனை வாரம் ஒருமுறை அளங்க. சாதாரணமாக ஆயிரம் மைக்ரோ சீமன்ஸ் பக்கம் நிற்கும்; லீச்சேட் பத்தாயிரத்தைத் தாண்டும். எண் மெல்ல ஏற ஆரம்பித்தால் லைனர் எங்கோ போய்விட்டது என்று முதலில் சொல்வது அந்தக் கிணறுதான்.

---

வெல்டு கங்காணி பதில்:

அந்த நடுக்கிணறு டிராயிங்கைத் தயவுசெய்து மாத்துங்க. ரிங் கிணத்தைச் சுத்தி குப்பை இறங்கும்போது கிணத்தையும் பிடிச்சுக் கீழ அழுத்தும். 20 மீட்டர்ல வர்ற அந்தச் சுமை எல்லாம் கிணத்து அடிப்பலகை வழியா ஷீட் மேல. நேரா குத்திக்கிட்டு இறங்கும். இல்லைன்னா ரிங் ஒண்ணுக்கொண்ணு விலகி, பம்ப் உள்ள மாட்டிக்கும், எடுக்கவே முடியாது.

தெற்குல லாரிப் பாதை சரிவு இருக்குன்னீங்களே, அதுதான் உங்களுக்குக் கிடைச்ச அதிர்ஷ்டம். அடித்தளத்தை அந்தப் பக்கம் 2 சதவீதத்துக்குக் குறையாம சாய்ச்சு, கிணத்துக் குழியை அங்க வையுங்க. 600 மி.மீ. எச்டிபிஇ குழாயைச் சரிவோட படுக்கவச்சு மேல வரைக்கும் கொண்டுவாங்க. அடி 3 மீட்டர் மட்டும் துளை போட்டது. சக்கரம் வச்ச சப்மெர்சிபிள் பம்ப் அந்தக் குழாய்க்குள்ள உருண்டு இறங்கும், பழுதானா கம்பி பிடிச்சு இழுத்துக்கலாம். ஷீட்டை எந்த இடத்துலயும் துளைக்க வேண்டியதில்லை. ரெண்டு குழாய் போடுங்க, ஒண்ணு அடைச்சா இன்னொண்ணு.

அடியில ஓடுற துளைக்குழாய் 200 மி.மீ., எஸ்டிஆர் 11 (விட்டத்தைச் சுவர்த் தடிமனால வகுத்த எண்), இல்லைன்னா அதைவிடத் தடிச்ச சுவர். ஒவ்வொண்ணோட முனையையும் சரிவு மேல ஏத்தி வெளிய மூடி போட்டு வையுங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவை ஜெட் அடிக்கணும். திருப்பத்துல 90 டிகிரி பெண்டு போட்டா ஜெட் ஹோஸ் போகாது. 45 ரெண்டு போடுங்க. ஜல்லி 30 செ.மீ., கழுவினதா இருக்கணும். கிரஷர்ல இருந்து நேரா வந்த ஜல்லியில தூசி ஒட்டியிருக்கும், ரெண்டு மழையில அந்தத் தூசி குழாய்த் துளையை அடைச்சிடும். இறக்குறதுக்கு முன்னாடி ஒரு பக்கெட்ல தண்ணி ஊத்திக் கிளறிப் பாருங்க, தண்ணி பால் மாதிரி வெள்ளையாச்சுன்னா லாரியைத் திருப்பி அனுப்புங்க.

---

மஞ்சள் டப்பா பதில்:

பம்ப் எவ்வளவு பெரிசு என்று யாரும் கேட்கவில்லை. குவாரியில் பெய்த மழை தானாக வெளியே ஓடாது, ஒவ்வொரு சொட்டையும் தூக்கித்தான் ஆகணும். 2024 ஜூன் 2 அன்று இந்த ஊரில் ஒரே நாளில் 111 மி.மீ. பெய்தது. அரை ஹெக்டேர் திறந்து கிடந்தால் அந்த ஒரு நாளில் 555 கன மீட்டர். முழுக் குழியும் திறந்திருந்தால் 2,600. அதனால் செல்களாகப் பிரிக்கணும். ஒரு நேரத்தில் அரை ஹெக்டேருக்கு மேல் குப்பை திறந்திருக்கக் கூடாது. நடுவில் கரை கட்டி, குப்பை படாத செல்லின் தண்ணீரைத் தனியாக இறைத்து ராஜகாலுவேயில் (பெரிய மழைநீர்க் கால்வாய்) விடலாம். ஒரு முறை குப்பையோடு கலந்தால் அது லீச்சேட், சுத்திகரித்து, அழுக்கின் அளவுகளான பிஓடி, சிஓடி இரண்டையும் லிட்டருக்கு 30, 250 மி.கி.-க்குக் கொண்டுவந்த பிறகுதான் வெளியே.

அந்த 555-ஐ மூன்று நாளில் எடுக்கணும் என்றால் மணிக்கு 8 கன மீட்டர். மணிக்கு 10 கன மீட்டரை 40 மீட்டர் உயரம் தூக்குகிற 3 எச்பி பம்ப் போதும். எஸ்எஸ் 316 (துருப்பிடிக்காத எஃகு) உடம்பு. வார்ப்பிரும்பு ஒரு சீசன் தாங்காது. ஃப்ளோட் சுவிட்ச்சில் பாசி பிடித்து ஒட்டிக்கொள்ளும், பிரஷர் டிரான்ஸ்மிட்டர் வையுங்க. பெருமழை அன்றுதான் கரண்ட்டும் போகும், எனவே ஜெனரேட்டர் கட்டாயம். குழியின் விளிம்பைச் சுற்றி வெளித்தண்ணீர் உள்ளே வராமல் மாலை போல ஒரு வடிகால், அது முதல் நாள் வேலை.

கேஸ் பற்றியும் ஒன்று. பாறைப் பிளவு வழியாக மீத்தேன் பக்கவாட்டில் போய் பக்கத்து வீட்டு சம்ப்பிலோ (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) போர்வெல் குழியிலோ சேரும். அனுமதி, வெடிப்புக் கீழ்வரம்பின் 25 சதவீதம், அதாவது காற்றில் 1.25 சதவீதம். விளிம்பைச் சுற்றி கேஸ் ப்ரோப் (மண்ணுக்குள் வாயு அளக்கும் குழாய்) போடணும், மண் சுவருக்குப் பின்னால் இருக்கிற முரம் அடுக்கிலும் இரண்டு மூன்று. ஜிப்சம் பலகை கலந்த கட்டட இடிபாட்டை மூடுமண்ணாகப் பயன்படுத்தாதீங்க, ஈரக்குப்பையோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். குழியில் காற்றோட்டம் கிடையாது, கனமான வாயு கீழேயே தங்கும். அடிக்கிணற்றுப் பக்கம் இறங்குகிற யாரும் நாலு வகை வாயுவை அளக்கிற மீட்டர் இல்லாமல் இறங்கக் கூடாது.

---

எலஹங்கா சிவில் எழுதியது:

நடுக்கிணறை எடுத்துவிட்டு தெற்குச் சரிவில் இரண்டு 600 மி.மீ. குழாய் என்று மாற்றுகிறோம். இறைத்துப் பார்க்கும் சோதனைக்கும் ஜோடி பீசோமீட்டருக்கும் தனி எஸ்டிமேட் போகிறது. பக்கத்துச் சர்வே நம்பரில் இன்னும் ஒரு குவாரி ஓடிக்கொண்டிருக்கிறது, வெடி வைக்கிறார்கள். அது பாதிக்குமா?

---

பாறையும் மண்ணும் பதில்:

பாதிக்கும். அதிர்வைவிடப் பறந்துவருகிற கல்தான் ஷீட்டுக்கு முதல் எதிரி. ஜல்லியும் ஒரு லிஃப்ட் குப்பையும் மூடாத ஷீட் மேல் ஒரு கைப்பிடிக் கல் விழுந்தாலும் ஓட்டை. ஷீட் விரிக்கிற மாதங்களில் அங்கே வெடி வைக்கக் கூடாது என்று சுரங்கத் துறை மூலமாக எழுத்தில் வாங்குங்க. பிறகும் அவர்கள் ஆழமாகத் தோண்டினால் உங்க பக்கத்து நீர்மட்டம் அவர்கள் பக்கம் சாயும்; அவர்கள் நிறுத்திவிட்டு இறைப்பதையும் நிறுத்தினால் உங்க பக்கம் ஏறும். நீங்க இப்போது அளக்கப் போகிற "மிக உயர்ந்த மட்டம்" அவர்கள் பம்ப் ஓடும்போது எடுத்ததாக இருந்தால் அது பொய்யான எண். அவர்கள் குழியின் நீர்மட்டத்தையும் பம்ப் நேரத்தையும் கேட்டு வாங்கி, இறைக்காத நிலைக்குத் திருத்தின மட்டத்தை வைத்து அந்த 8 மீட்டரை மறுபடி போடுங்க. 10, 11 என்று வந்தாலும் ஆச்சரியப்படாதீங்க.